நம்ம குடும்பம் 🌺

தேவி அத்தை: ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு யார் யார் வர்றீங்க? இலைக்கணக்கு சொல்லணும்

நந்தினி: டவுட்டு அத்தை. திங்கள் டிசர்டேஷன் (ஆய்வேடு) சப்மிஷன். ஏஐ பயன்படுத்துனா டிக்ளரேஷன் வேணுமாம். சித்தப்பா, சாட்ஜிபிடில இங்கிலீஷ் திருத்துனதையும் எழுதணுமா?

சரவணன்: எழுதாத, மாட்டிப்ப

செந்தில் சித்தப்பா: எழுதணும்டா. எந்தக் கருவி, எப்போ, எந்த இயல், எதுக்கு. இந்த நாலும் வரணும். "2, 3-ம் இயல்களில் மொழித்திருத்தத்துக்கு மட்டும்"னு போடு. கைடுகிட்ட காட்டிட்டுக் குடு, துறைக்குத் துறை விதி மாறும்

நந்தினி: சாஃப்ட்வேர்ல மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு, அந்த சிமிலாரிட்டி, 8% தான்

செந்தில் சித்தப்பா: அது வேற கணக்கு. பல்கலைக்கழக மானியக்குழு (யுஜிசி) 2018 விதிப்படி 10% வரை தண்டனை இல்ல, 40 வரை போனா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 60 தாண்டுனா பதிவே ரத்து. ஆனா அது பழைய எழுத்தோட ஒத்துப்போறதை மட்டும்தான் பார்க்கும். ஏஐ வாக்கியத்தைப் புதுசா கட்டுறதால பெரும்பாலும் அதுல சிக்காது

பெரியப்பா: இனிய வெள்ளி வணக்கம் 🙏

சித்ரா சித்தி: அண்ணி, பரீட்சை நேரம்னு அப்பவே சொன்னேன்

தேவி அத்தை: ஜோசியர் குடுத்த தேதிம்மா

சரவணன்: ஏஐ எழுதுனதான்னு கண்டுபிடிக்கிற டிடெக்டர்ல தெரிஞ்சிடுமே மாமா

செந்தில் சித்தப்பா: அதை நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது. சாட்ஜிபிடி பண்ண ஓப்பன்ஏஐ கம்பெனியே தன் டிடெக்டரை துல்லியம் போதலன்னு 2023 ஜூலைல நிறுத்திட்டாங்க. இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க சொந்தமா எழுதுனதையும் சில நேரம் ஏஐன்னு காட்டும். நந்து, கூகுள் டாக்ஸ் வெர்ஷன் ஹிஸ்டரி, கைக்குறிப்பு, பேட்டிக்குப் போட்ட கேள்விப்பட்டியல் எல்லாம் பத்திரம். கேட்டா காட்டணும்.
ரெஃபரன்ஸும் சாட்ஜிபிடிகிட்டயா கேட்ட?

நந்தினி: நாலஞ்சு 😬

செந்தில் சித்தப்பா: அங்கதான் ஆபத்து. அது குடுக்கிற ரெஃபரன்ஸ்ல சிலதுல ஆசிரியர் பேரு நிஜமா இருக்கும், இதழும் நிஜம், கட்டுரை மட்டும் இருக்காது. கட்டுரையோட தனி அடையாள எண்ணை, அதான் டிஓஐ, doi.org தளத்துல போடு. வேற கட்டுரை திறந்தா தூக்கிடு. எண் இல்லன்னா தலைப்பை மேற்கோள்குறிக்குள்ள போட்டு கூகுள் ஸ்காலர்ல தேடு, அப்புறம் அந்த இதழோட வெளியீட்டு எண், பக்கம் வரைக்கும் பாரு. கட்டுரை கிடைச்சாலும் நீ சொன்ன கருத்து உள்ள இருக்கணும். படிக்காததைச் சேர்க்காத. பேட்டி குடுத்தவங்க பேரு, நம்பர் எதையும் ஏஐல ஒட்டவே ஒட்டாத, அவங்க சம்மதம் குடுத்தது உன் ஆய்வுக்கு மட்டும்

நந்தினி: சரி சித்தப்பா. இன்னைக்கு ராத்திரி ஒவ்வொண்ணா பார்க்கிறேன்

தேவி அத்தை: சரவணா, தாய்மாமன் நீதான், மடில நீ உக்கார வெக்கணும். வருவல்ல?

சரவணன்: லீவு கேட்டிருக்கேன்மா

தேவி அத்தை: அப்ப 60 இலை சொல்லவா?

சித்ரா சித்தி: பெரியவங்களைக் கேளுங்க அண்ணி

பெரியப்பா: 👍