பென் டிரைவில் வந்த விண்டோஸ்: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

களுவாஞ்சிக்குடி, தட்டச்சுக் கடைக்காரர்:

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அண்ணன், இதில் விண்டோஸ் 11 ஏறாதாம். வெட்டிக் குறைத்த பதிப்பு ஒன்று இருக்கிறதாம், அதைப் போட்டுத் தாருங்கள்" என்றார்கள். மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். காரணத்தைக் கடை வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021 ஜூன். பயணக் கட்டுப்பாட்டுக் காலம். கடை பாதிக் கதவு திறந்தபடி இருக்கும். பிள்ளைகளுக்கு வகுப்பெல்லாம் சூமில். விண்டோஸ் 11 பற்றி மைக்ரோசொப்ட் அறிவித்தது ஜூன் 24 அன்று. அதற்குச் சுமார் பத்து நாள் முன்னரே 21996 என்ற எண் கொண்ட பதிப்பு ஒன்று வெளியே கசிந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தம்பி ஒருவன் அதைப் பென் டிரைவில் கொண்டுவந்தான். கெட்ட பிள்ளை அல்ல. புதியதை எனக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு.

அந்தக் கோப்போடு, விண்டோஸைக் காசு கட்டாமல் இயங்க வைக்கும் என்று சொல்லப்படும் 'அக்டிவேட்டர்' இன்னொன்றும் இருந்தது. ஏற்றத் தொடங்கியதும் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னது. என் கை அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். கடைப் பூட்டைக் கழற்றச் சொல்பவன் யார் என்று கேட்காமல் கழற்றிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் ஓடியது. பிரிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை, என் மின்னஞ்சலுக்குள் வேறொரு நாட்டிலிருந்து யாரோ நுழைந்ததாக போனில் அறிவிப்பு. மாலைக்குள் கடையின் முகநூல் பக்கமும் கைவிட்டுப் போனது. பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் எல்லாம் போய்விட்டன. அதே 21996 என்ற எண்ணைப் பெயரில் வைத்த போலி நிறுவிகள் பரவுவதாக அடுத்த மாதம் வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்யும் காஸ்பர்ஸ்கி நிறுவனம் எச்சரித்ததைப் படித்தபோதுதான் எனக்கு நடந்தது விளங்கியது.

என் கடவுச்சொற்களை ஒரே இரவில் மாற்றிவிட்டேன். என்னை உறங்கவிடாமல் செய்தது வேறு. அந்தக் கணினியில் சனங்களின் அடையாள அட்டைப் படிகள், காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள் கிடந்தன. போட்டோப் பிரதி எடுக்க வந்தவர்கள் என்னை நம்பித் தந்தவை. யார் அவற்றை எடுத்தார்கள், எடுக்கவே இல்லையா என்று அறிய எனக்கு வழியில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு அம்மா, "அதனால் என்ன வரும் மகன்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அதே ஜூன் 28 அன்று மைக்ரோசொப்ட் தானே சோதனைப் பதிப்பை விரும்பியவர்களுக்கு வெளியிட்டது. எல்லோருக்குமான பதிப்பு ஒக்டோபர் 5 அன்று வந்தது. இரண்டு கிழமை பொறுத்திருந்தால் போதுமாக இருந்தது.

திருக்கோவில், ஆசிரியை:

என்னுடையது போன் கதை. தம்பி விடுமுறையில் வந்தபோது என் ஐபோனில் புதிய ஐஓஎஸ் சோதனைப் பதிப்பை ஏற்றினான். அது அப்பிள் நிறுவனமே தருவதுதான், களவானது அல்ல. ஆனாலும் என் வங்கிச் செயலி அதில் திறக்க மறுத்துவிட்டது. சம்பள நாள், அம்மாவுக்கு மருந்து வாங்கக் காசு அனுப்ப வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் போனை முழுவதுமாக அழிக்க வேண்டும். அழித்த பிறகு, சோதனைப் பதிப்பில் எடுத்து வைத்த காப்புப் பிரதியைப் பழைய பதிப்பு ஏற்காது என்பது தெரிந்தது. இரண்டு மாதத்துப் படங்கள் போயின. அதில் என் மாணவிகளின் தமிழ்த்தினப் படங்களும் இருந்தன. ஒரே ஒரு போன் வைத்திருப்பவர் அதைச் சோதனைக்குக் கொடுக்கக் கூடாது என்று தம்பியிடம் கோபத்தோடே சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

சம்மாந்துறை:

அண்ணன், இதைப் படித்துவிட்டு யாரும் அப்டேட்டையே நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் முன்னர் வேலை செய்த அலுவலகத்தில் அப்படித்தான் நிறுத்தி வைத்திருந்தோம். டேட்டா தீரும், வேலை தாமதமாகும் என்பது காரணம். எல்லாம் விண்டோஸ் 7. 2017 மே மாதம் ஒரு காலை, சிவப்புப் பெட்டி ஒன்று திரையில்: 300 டொலர் பிட்கொயினில் கட்டு, மூன்று நாளில் இரட்டிப்பாகும் என்று. வானாகிரை, கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் நச்சு நிரல். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் எங்கள் கணினிகள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன, நாங்கள் 'பிறகு' என்பதையே அழுத்திக்கொண்டிருந்தோம். காசு கட்டவில்லை. கணக்குப் பதிவுகளை ரசீதுப் புத்தகங்களிலிருந்து திரும்ப அடித்தோம், இரண்டு மாதம்.

வாழைச்சேனை:

மார்கழி மழையில் அப்டேட் போட்டேன். நடுவில் கரண்ட் போனது. பிறகு கணினி எழும்பவே இல்லை. மடிக்கணினி என்றால் பற்றரி நிறையும் வரை பொறுங்கள், மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

செங்கலடி, உயர்தர மாணவன்:

அண்ணன், நான் வைத்திருப்பது விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14 உடன் ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் என் கணினியில் இல்லை. புதியது வாங்க வீட்டில் வசதியும் இல்லை. நண்பன் ஒரு ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது விண்டோஸை நிறுவும் முழுத் தொகுப்பு, தந்திருக்கிறான், அது நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

களுவாஞ்சிக்குடி, தட்டச்சுக் கடைக்காரர்:

தம்பி, அதை ஏற்றாதீர். ஐஎஸ்ஓ தேவையென்றால் மைக்ரோசொப்டின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே இறக்கலாம். இறக்கியதும் அதன் எஸ்எச்ஏ 256 எண்ணைப் பாரும். அது கோப்பின் கைரேகை மாதிரி: 64 எழுத்தும் இலக்கமும் சேர்ந்த வரிசை. விண்டோஸில் உள்ள 'சேர்ட்யூட்டில்' கட்டளை அதைக் கணக்கிட்டுக் காட்டும். தளத்தில் இருப்பதோடு ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்பு அதுவல்ல. அதற்காக, எண்ணையும் கோப்பையும் ஒரே ஆள் தந்தால் நம்பிவிடக் கூடாது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்டின் தளத்துக்குள்ளேயே 2016 பெப்ரவரியில் களவாளிகள் புகுந்து, கணினிக்குள் களவாக நுழையப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள்.

உமது பழைய கணினி வீணாகவில்லை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் வரை பதிவு செய்து பெறலாம். அமைப்புகளில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே அதற்கான வழி வரும். அதற்குள் லினக்ஸையும் ஒருமுறை பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்.

சம்மாந்துறைத் தம்பி சொன்னது சரி. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயில் வரும் பாதுகாப்புத் திருத்தத்தை நான் தள்ளிப்போடுவதே இல்லை. பெரிய பதிப்பு மாற்றத்துக்கு மட்டும் சில கிழமைகள் பொறுப்பேன். 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலரின் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் மைக்ரோசொப்ட் அதை நிறுத்தி, நவம்பரில்தான் மீண்டும் விட்டது. அதிகாரபூர்வமான வழியிலும் படி எடுத்து வைத்தவர்தான் தப்பினார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு கணினியோடு கடைக்கு வாரும். நண்பன் தந்த பென் டிரைவை வீட்டில் வைத்துவிட்டு, வெளி வன்தட்டு யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி வாரும். உமது பாடக் குறிப்புகளைப் படி எடுத்த பிறகுதான் மற்றதைத் தொடுவேன். காசு வேண்டாம்.