வெயில் எறிக்கேக்க வந்த வெள்ளம்: வளைகுடா மாரியில பட்டதுகளைப் பகிருங்கோ

சண்டிலிப்பாய் லொறிக்காரன்

மார்கழி பிறந்தா எனக்கு ஓமான் மலையடிவாரம்தான் நினைவில வரும். ஏழு வருசம் அங்க லொறி ஓட்டினனான். "பாலைவனத்தில என்ன மழை?" எண்டு கேக்காத ஆளில்லை. போகேக்க நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

ருஸ்தாக் பக்கம், ஒரு தை மாத வெள்ளிக்கிழமை. லீவு நாள். நாலு பேர் சேர்ந்து வாதிக்குள்ள பாய் விரிச்சு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தம். வாதி எண்டா மழைக்கு மட்டும் ஓடுற ஆறு. மற்ற நாளில கூழாங்கல்லுப் பரவின காஞ்ச தரை, வாகனமே ஓட்டலாம். தலைக்கு மேல நல்ல வெயில். தூரத்து மலையில மட்டும் கறுப்பு முகில். முதல்ல சத்தம்தான் கேட்டது, ஆரோ டிப்பரில சல்லி பறிக்கிற மாதிரி. மேட்டில ஆடு மேய்ச்ச ஓமானிக் கிழவர் ஒருத்தர் இரண்டு கையையும் ஆட்டி "வாதி! வாதி!" எண்டு கத்தினார். வாதிக்குள்ளதானே இருக்கிறம், இவர் ஏன் கத்துறார் எண்டு நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டம். வெள்ளம் வருது எண்டதைத்தான் அவை "வாதி வருது" எண்டு சொல்லுறவையாம்.

முன்னுக்கு வந்தது சுள்ளியும் ஆட்டுப் புழுக்கையும் நுரையும். மண்ணிறத்தில, செருப்பு நனையிற அளவுதான். என்னோட நிண்ட பொடியன் ஒருத்தன் அதைப் பாத்துச் சிரிச்சவன். நான் அவன்ர சேட்டைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஏறினன். திரும்பிப் பாக்க, சட்டியும் பாயும் இருந்த இடத்தில இடுப்பளவு தண்ணி கல்லுகளை உருட்டிக்கொண்டு போகுது. எங்களுக்கு மேல ஒரு துளி மழை பெய்யேல்லை.

நான் யாழ்ப்பாணத்தில வழுக்கையாற்றங்கரையில வளந்தவன். அதுவும் மாரிக்கு மட்டும் ஓடுற ஆறுதான். ஆனா எங்கட செம்மண்ணும் கீழ கிடக்கிற சுண்ணக்கல்லும் முதல்ல குடிக்கும், கிணறு ஏறும், பிறகுதான் வயல் நிரம்பும். சாமானை மேல தூக்கி வைக்க நேரம் கிடைக்கும். அந்த மலை வெறும் பாறை. ஒண்டும் உறிஞ்சாது, பெஞ்சது முழுக்க ஒரே வழியால இறங்கும். எங்கட ஊர் மழையை மனசில வைச்சுக்கொண்டு அங்கத்தைய மழையைப் பாத்ததுதான் நான் விட்ட பிழை.

கரவெட்டிப் பிள்ளை

அண்ணை, நான் குவைத்தில வீட்டு வேலைக்கு நிண்டனான். 2016 ஆடியில மித்ரிபா எண்ட இடத்தில 53.9 பாகை வெக்கை பதிவான நாடு அது. அதே நாட்டில மார்கழி விடியப்புறம் வாளித் தண்ணிக்கு மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஐஸ் பிடிச்சிருந்ததை இந்தக் கையால உடைச்சனான்.

மார்கழி முதல் கிழமையில தொடங்குற நாப்பது நாள் கூதலுக்கு அவை "மர்பஆனியா" எண்டு பேர் வைச்சிருக்கினம். அந்த நாளிலதான் வீட்டாக்கள் பாலைவனத்தில கூடாரம் போடுறவை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து முகில் வரும், இடி இடிச்சு ஒரு மணித்தியாலம் கொட்டும், முடிஞ்ச கையோட வடமேல் காத்து. அதுக்குப் பேர் ஷமால். எங்கட வாடையில உப்பு மணக்கும், இது மண்ணைக் கொண்டுவந்து பல்லுக்குள்ள நறுநறுக்கப் பண்ணும். நனைஞ்ச உடுப்போட அந்தக் காத்தில நிண்டா எலும்பு வரைக்கும் போகும்.

அப்பிடி ஒரு இரவு நானும் ஒரு எத்தியோப்பியப் பிள்ளையும் சமையல் கூடாரத்துக்குள்ள கரிச்சட்டியை வைச்சு, காத்து வராமல் எல்லாப் பக்கமும் இறுக்கிக் கட்டிட்டுப் படுத்திட்டம். தலை பாரமா இருந்தது, களைப்பாக்கும் எண்டு நினைச்சன். வீட்டுக்காரரின்ர தாய் தண்ணி எடுக்க வந்தவ, சீலையைக் கிழிச்ச மாதிரித் திறந்து, எங்களைக் காலில பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டா. கரிப்புகை எண்டா கண்ணெரியும் எண்டுதானே நினைக்கிறம். தணலாக் கிடக்கிற கரியில இருந்து வாற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த அம்மாவுக்காக நான் இண்டைக்கும் விளக்கு வைக்கிறனான்.

இதை ஊரில சொல்ல, ஆரும் நம்பேல்லை. 2022 மார்கழியில மண்டூஸ் புயலோட எங்கட வடக்கிலயும் கிழக்கிலயும் மாடுகள் கூதலில விறைச்சுச் செத்துதே, அண்டைக்குத்தான் அம்மா ரெலிபோனில "நீ சொன்னது இதுதானோ பிள்ளை" எண்டு கேட்டவ.

தென்மராட்சியான்

நான் சவூதியில, ஜித்தாவில நிண்டனான். 2009 கார்த்திகை 25, ஹஜ் காலம். சில மணித்தியாலத்தில பெஞ்சது 90 மில்லிமீற்றர் அளவுதான். அதுக்கு முந்தின வருசம் நிஷா புயலில நாங்கள் இஞ்ச கண்ட மழையோட பாத்தா அது ஒண்டுமேயில்லை. ஆனா அங்க நூறுக்கு மேல சனம் செத்தது. கிழக்கு மலையில இருந்து தண்ணி இறங்கிற வாதிகளுக்குள்ளயே வீடு கட்டியிருந்தினம், வெள்ளவாய்க்கால் ஒழுங்கா இல்லை. எங்கட மேற்பார்வையாளர் அண்டைக்கும் வேலைக்கு வரச்சொல்லி நிண்டவர். பஸ் பாதி வழியில நிக்க, கூரையில ஏறி இருந்து பாத்தனாங்கள், கார்கள் ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிக்கொண்டு போகுது. அதுக்கு மேல எழுத மனம் வருகுதில்லை.

கொக்குவில் அம்மா

தம்பிமார், மகன் வாற கிழமை துபாய்க்குப் போறான், டெலிவரி பைக் வேலை. வெக்கை நாடுதானே எண்டு ஸ்வெற்றரை பாக்கில இருந்து எடுத்து வெளிய வைச்சிட்டான். என்ன சொல்லுறது?

சண்டிலிப்பாய் லொறிக்காரன்

அக்கா, ஸ்வெற்றரைத் திருப்பி உள்ள வையுங்கோ. காத்துப் புகாத ஜக்கெற் ஒண்டும், கையுறையும் வேணும். பைக்கில போறவனுக்குக் கூதல் இரண்டு மடங்கு. விடியப்புறம் பனிப்புகார் மூடினா முன்னுக்குப் போற லொறியின்ர பின் லைற்கூடத் தெரியாது. அப்ப ஓரமா நிப்பாட்டட்டும். மழை நாளில பாலத்துக்குக் கீழால போற பள்ள றோட்டுக்குள்ள இறங்கவே வேண்டாம். லீவு நாளில மலைப்பக்கம் போனாலும், வெள்ளம் ஓடுற வாதிக்குள்ள வாகனம் விட்டா 2023 இல இருந்து 2000 திர்ஹம் தண்டம், வாகனத்தையும் 60 நாள் மறிச்சு வைப்பினம். தண்டத்தைச் சொன்னா பொடியள் கேப்பினம், அதால முதல்ல அதைச் சொல்லுங்கோ. போய் இறங்கினவுடன நம்பரை அனுப்பச் சொல்லுங்கோ அக்கா, என்ர மச்சான் சார்ஜாவில நிக்கிறார், போய்ப் பாப்பார்.