இங்கிலாந்துக் குளிரில் கிரிக்கெட், வழி சொல்லுங்கள்

வணக்கம். ஏப்ரலில் வந்து லங்காஷயர் பக்கம் ஒரு கிளப்புக்கு ஆடுகிறேன், செப்டம்பர் வரை சீசன். எங்கள் அணியில் சம்பளத்துக்கு ஆடுவது நான் ஒருவன்தான், மற்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் ஆடுபவர்கள், அதனால் ரன்னையும் விக்கெட்டையும் என்னிடம்தான் எதிர்பார்க்கிறார்கள், அது பரவாயில்லை. குளிர்தான் தாங்க முடியவில்லை. போன சனிக்கிழமை ஸ்லிப்பில் விரல் மரத்துப்போய் நின்றேன், கைக்கே வந்த கேட்சை விட்டுவிட்டேன், பந்து பட்ட சுண்டுவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது. இங்கே ஆடியவர்கள் கையைச் சூடாக வைக்க என்ன செய்தீர்கள்? அப்புறம், இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்க மாட்டேன் என்கிறது. மேட்சுக்கு முந்தின ராத்திரி நம்ம சாப்பாடு இறங்கினால்தான் மறுநாள் எனக்குத் தெம்பு. மாவைப் புளிக்க வைக்க வழி இருக்கிறதா, இல்லை மான்செஸ்டர் பக்கம் நல்ல மாவு எங்கே கிடைக்கும்?