முதுகு ஆபரேஷன் முடிஞ்சும் விடாத வலி: மனசுல நின்னுபோன ஒரு ஆள், ஒரு நிமிஷம்

பிசியோ_திண்டுக்கல்

எல்-5 எஸ்-1 டிஸ்க் (முதுகெலும்போட அடிப்பக்கம் எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு) எடுத்து ஏழெட்டு மாசமான அம்மா. ஜவுளிக்கடை வேலை. பத்துக்கு எவ்வளவு வலின்னு கேட்டா, பக்கத்துல நின்ன வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துட்டு "நாலு"ன்னாங்க. அவர் பணம் கட்டப் போனதும் குரலைத் தாழ்த்தி, "எட்டு சார்." அந்தப் பார்வை இன்னும் உறுத்துது.

அவரும் கெட்டவர் இல்லை. "ஸ்கேன்ல எல்லாம் சரியா இருக்குன்னாங்களே, அப்புறம் எப்படி வலிக்கும்?" அவ்வளவுதான் அவர் கேள்வி. ஆனா அந்த அம்மாவுக்கே தன் வலி மேல சந்தேகம் வந்திருந்தது. நரம்பை அழுத்தினது நீங்கிடுச்சான்னு படம் சொல்லும். மாசக்கணக்கா நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் போன பிறகும் சும்மா சும்மா தகவல் அனுப்பிட்டே இருக்கிறதை எந்தப் படமும் காட்டாது. நரம்பைச் சுத்தி இருக்கிறது ஆபரேஷனால உள்ள உண்டான வடுவா, டிஸ்க் மறுபடி வெளிய வந்திருக்கான்னு பிரிச்சுப் பார்க்க கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட எம்.ஆர்.ஐ. வேணும். வடு அந்த மருந்தை வாங்கிப் பளிச்சுன்னு தெரியும், டிஸ்க் துண்டு அப்படியே மங்கலா நிக்கும்.

அவங்க வாரம் இப்படிப் போகுது: ஞாயித்துக்கிழமை வலி கொஞ்சம் குறைஞ்சா வீட்டுத் துணி மொத்தமும் துவைச்சு, மாவும் ஆட்டி முடிச்சிடறது. திங்கள், செவ்வாய் படுக்கை. லீவு போட்ட குற்ற உணர்ச்சியில் புதன்கிழமை ஒரேயடியா நிக்கிறது. வலியைப் பார்த்து வேலையை நிறுத்தினா இது மாறவே மாறாது, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தணும். வலி ஏறும் வரைக்கும் எவ்வளவு நேரம் நிக்க முடியுதுன்னு மூணு தடவை குறிச்சுக்கணும். 18, 12, 15 நிமிஷம்னு வந்தா சராசரி 15. அதுல 80 சதவீதம், அதாவது 12 நிமிஷம். நல்ல நாளானாலும் 12தான், "இன்னும் கொஞ்சம் முடியுமே"ன்னு தோணும்போதே உட்கார்ந்துடணும். வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டலாம். வலி கிளம்பின நாள்ல பூஜ்யத்துக்குப் போகாம பாதியா 6 நிமிஷம் நின்னு, ரெண்டு மூணு நாள்ல பழைய அளவுக்கு வரணும். முழுசாப் படுத்துட்டா அடுத்த தடவை எழுந்திரிக்கவே பயம் வந்துடும். வலியைவிட அந்தப் பயத்தை இறக்கறது கஷ்டம்.

கடையில் நாற்காலி கேட்கத் தயங்கினாங்க. தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்துல 2021-ல் திருத்தம் வந்து, ஊழியருக்கு இருக்கை வைக்கிறது கட்டாயம். முதலாளியோட தயவு இல்லை அது.

வார்டு_சிஸ்டர்

பெரியவர் ஒருத்தர். கெண்டைக்கால்ல உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். "சுடுதண்ணிப் பை வெச்சேன் சிஸ்டர், அந்த இடத்துல மட்டும்தான் வலியே தெரியல"ன்னு சந்தோஷமாச் சொன்னார். உணர்ச்சி செத்த இடம்னு அவருக்குப் புரியவே இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு கால்ல, பாதத்துல மரத்த இடம் இருக்கிறவங்க அங்க ஒத்தடமே வைக்கக் கூடாது. முதுகுல வைக்கிறதானாலும் முதல்ல முழங்கையோட உள்பக்கம் பையை வெச்சுப் பாருங்க. அங்க தாங்கினாத்தான் முதுகுக்கு. நடுவுல துண்டு, 15-லிருந்து 20 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். பையை அடியில போட்டு மேல படுக்காதீங்க, தூங்கிட்டா சுடறது தெரியாது. சர்க்கரை இருந்தா இன்னும் ஜாக்கிரதை.

மருந்தாளுநர்_கோவை

டுலோக்செட்டின் 30 மி.கி. அட்டையைக் கவுண்டரில் வைத்து, "இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்றார் ஒருவர். "பையன் போன்ல பார்த்தான், மன அழுத்த மாத்திரையாம். எனக்கு வலி முதுகுலங்க. டாக்டர் என்னை நம்பலையா?" கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுவது போல் கேட்டார்.

மனச்சோர்வுக்கும் அதே மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் பாதைகளிலும் அது வேலை செய்கிறது, நரம்பு வலிக்குக் கொடுப்பது அதனால்தான். எழுதிக் கொடுக்கும்போதே இதை இரண்டு வரி சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். குமட்டல் முதலில்தான் வரும், சாப்பிட்ட பின் எடுத்தால் குறையும். கேப்ஸ்யூலை உடைத்துக் கொட்டி விழுங்கக் கூடாது.

கையோடு பிரீகாபாலின் 75 என்ற நரம்பு வலி மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தார். வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வந்ததும் 'வலி மூளைக்கு ஏறிவிட்டது' என்று பயந்துபோனார். பிரீகாபாலினை டாக்டர் சொல்படி குறைந்தது ஒரு வாரத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னும் ஒன்று, டிரமடால் என்ற கடும் வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையில் வழக்கமாக 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கும். அதன் மேல் காய்ச்சல் மாத்திரை 650 போட்டால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராம் தாண்டக் கூடாது. டிரமடாலையும் டுலோக்செட்டினையும் வேறு வேறு டாக்டர்கள் எழுதியிருந்தால் இருவருக்கும் தெரியப்படுத்துங்கள். இரண்டும் சேர்ந்து நடுக்கம், வியர்வை, பரபரப்பு வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

ஃபியூஷன்_டெக்னீஷியன்

விருந்தாளிங்க முன்னாடி "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு காட்டறதுக்காக கேஸ் சிலிண்டரைத் தூக்கின ஒரு மனுஷனை மறக்க முடியல. ஃபியூஷன் ஆனவர், அதாவது முதுகெலும்புகளை ஒண்ணா ஒட்டவைக்க ஸ்க்ரூ போட்டவர். தூக்கினவர் நிமிர முடியாம அப்படியே நின்னார். என் கதை அவ்வளவுதான்.

ஆனா பிசியோ சொன்ன "வாரம் ஒரு நிமிஷம்" கணக்கை எல்லாரும் பிடிச்சுக்காதீங்க. டிஸ்க் மட்டும் எடுத்தவங்க வேற, ராடும் ஸ்க்ரூவும் போட்டவங்க வேற. எலும்பு ஒட்ட 6 மாசத்துலருந்து ஒரு வருஷம் ஆகும், பீடி சிகரெட் இருந்தா இன்னும் இழுக்கும், ஒட்டாமலே போகவும் செய்யும். வலி ஏன் குறையலைன்னு தெரியணும்னா ஒட்டியிருக்கான்னு சி.டி. ஸ்கேன் பார்க்கணும், மனசைத் தேத்தறது அப்புறம். பளுவுக்கு வருவோம். முதல் ஆறு வாரம் பெரும்பாலும் 4, 5 கிலோவுக்கு மேல விடமாட்டாங்க. வீட்டு சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேர்த்தா 30 கிலோ பக்கம். தண்ணி கேன் 20. சிலிண்டரை உருட்டக்கூட வேற ஆளை விடுங்க. கேன்ல கைபம்ப் மாட்டி, கேன் கீழேயே இருக்கட்டும். கிரைண்டர்க் கல்லைத் தூக்கறதுக்குப் பதில் டில்டிங் கிரைண்டர். ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்ட் போடாதீங்க, குனிஞ்சு முறுக்கி இழுக்கிற வேலை அது, சைடு ஸ்டாண்ட் போதும். பஸ்ல பின் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற சீட் வேண்டவே வேண்டாம், ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போடும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உட்காருங்க. படுக்கையிலருந்து நேரா எழாம, முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டுக்கிட்டே முழங்கையால ஊன்றி எழணும். இடுப்பு பெல்ட்டை நாள் பூரா கட்டாதீங்க, பயணத்துக்கும் வேலை நேரத்துக்கும் மட்டும்.

பிசியோ_திண்டுக்கல்

நான் எழுதினது டிஸ்க் மட்டும் எடுத்த ஆளைப் பத்தி, முதல் வரியிலேயே இருக்கு. மத்ததெல்லாம் சரி. "மனசைத் தேத்தறது அப்புறம்"ங்கிறதை ஒத்துக்க முடியாது. ஒட்டியிருக்கான்னு தெரிய ஒரு வருஷம்னு நீங்களே சொல்றீங்க. அதுவரைக்கும் அவர் தூங்க வேண்டாமா? உங்க சிலிண்டர்காரர் கனம் தெரியாமலா தூக்கினார்? நாலு பேர் பேச்சுக்குப் பயந்துதானே?

மனநல_சமூகப்பணியாளர்

தறி ஓட்டுபவர். அறைக்குள் வந்து உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றபடியே கேட்டார்: "ஆபரேஷனுக்கு வாங்கின கடன் முடியறதுக்குள்ள வலி போயிடுங்களா?" வலியைப் பற்றி அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு, பி.எச்.கியூ-9. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். முதுகு வலிக்காரருக்குத் தூக்கம், களைப்பு இரண்டிலும் வலியாலேயே எண் ஏறிவிடும். அதனால் முதல் இரண்டையும் (எதிலும் நாட்டமின்மை, மனம் சோர்ந்து கிடப்பது) கடைசியையும் தனியாகப் பார்ப்பது நல்லது. கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் பற்றியது. நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "அப்பப்ப தோணும்" என்றார் அவர். அப்படிச் சொன்னால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும், மாத்திரை மொத்தமும் வீட்டில் வேறொருவர் கையில் இருக்க வேண்டும். இரவு நேரமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டாருக்கு ஒரு வேலை: "இப்ப எப்படி இருக்கு?" என்று மணிக்கொரு தரம் கேட்பதை நிறுத்துங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை கேட்டால் போதும். மீதி நேரம் பேச வேறு விஷயமா இல்லை? பார்க்க வரும் உறவினர் "இன்னும் சரியாகலையா" என்பார். அதற்குப் பதிலை நோயாளி தேட வேண்டாம், வீட்டில் ஒருவர் முந்திக்கொண்டு "நடந்துக்கிட்டு இருக்கார், மெதுவாத்தான் ஆகும்" என்று முடித்துவிட வேண்டும். பிசியோவுக்கு அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பற்றிக் கேளுங்கள், வீட்டுக்கே வந்து செய்கிறார்கள்.

பெயின்_கிளினிக்_நர்ஸ்

கதவு வரை போய், கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி, "நாங்க சேர்ந்து இருக்கலாமா மேடம்?" என்று கேட்ட பெண். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அவ்வளவு நேரம் உள்ளே இருந்தும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புண் ஆறி, சர்ஜன் சரி என்ற பிறகு இருக்கலாம். வலி உள்ளவர் ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுத்தால் இடுப்பில் இழுப்பு குறையும். மருந்துகளால் ஆசை குறைவதும் உண்டு, அதைக் கணவரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தன்னை வெறுத்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

வார்டு_சிஸ்டர்

எல்லாத்தையும் பழைய வலின்னு ஒதுக்கிடாதீங்க. ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிட்டாலோ, தெரியாமலே போனாலோ, ஆசனவாயைச் சுத்தி உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் புதுசாத் தொங்கினாலோ, காய்ச்சலோட தையல்ல நீர் கசிஞ்சாலோ, ராத்திரியானாலும் சரி, வண்டி பிடிச்சு எமர்ஜென்சிக்குப் போங்க. ஓ.பி. டோக்கனுக்குக் காத்திருக்காதீங்க.