கிராமத்துக் கூட்டத்தில் பால்வினை நோய்களைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: வாசகர் வட்டச் செயலாளர், நாமக்கல் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் சார்பில், உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றை நடத்தவிருக்கிறோம். எய்ட்ஸோடு நின்றுவிடாமல் மற்ற பால்வினை நோய்கள், காசநோய், மஞ்சள் காமாலை ஆகியவற்றையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது எங்கள் விருப்பம். லாரித் தொழிலையும் கோழிப்பண்ணைகளையும் நம்பி வாழும் ஊர் இது. வாரக்கணக்கில் வெளிமாநிலங்களில் இருந்துவிட்டுத் திரும்பும் ஓட்டுநர்கள், அவர்களுடைய மனைவியர், கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் என எல்லோரும் வருவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் நடந்த இத்தகைய கூட்டத்தில், பேச வந்தவர் சீழ் பிடித்த புண்களின் படங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். பெண்கள் பாதியிலேயே எழுந்து சென்றார்கள். இளைஞர்கள் பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிந்தபின் ஒருவர்கூட ஐயம் கேட்க வரவில்லை. எங்கள் கூட்டமும் அப்படி ஆகிவிடக் கூடாது. எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, ஆண்களும் பெண்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும்போது எதுவரை பேசுவது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: நம்பிக்கை மைய ஆலோசகர்

வணக்கம் ஐயா. அந்தப் படங்களைத் தவிர்க்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது மிகவும் சரி. அருவருப்பு ஏற்படுத்துவது மட்டுமல்ல, அவை தவறான செய்தியையும் தருகின்றன. பால்வினைத் தொற்றுகளில் பெரும்பாலானவை வெளியே தெரிவதில்லை. கிரந்தி எனப்படும் சிபிலிஸ் நோயின் புண் பொதுவாக வலிக்காது. மருந்தே சாப்பிடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று நோயாளி நிம்மதியாக இருக்கும்போது கிருமி உடலுக்குள் பரவிக்கொண்டிருக்கும். திரையில் கண்ட கோரமான புண் தம் உடலில் இல்லை என்பதாலேயே தமக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்தவர்களை எங்கள் மையத்தில் அடிக்கடி பார்க்கிறேன்.

எங்கள் அறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் நோயைப் பற்றி முதலில் கேட்பதில்லை. நாற்காலியில் உட்காராமல், கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது வீட்டுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே உங்கள் கூட்டத்திலும் அந்தக் கேள்விக்கான பதிலே முதலில் வரட்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ஒருவருடைய சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யவும் கூடாது, முடிவைப் பிறருக்குச் சொல்லவும் கூடாது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்குப் பாதுகாப்பு தருகிறது. வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ பாகுபாடு காட்டுவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. பால்வினை நோய்க்கான சிகிச்சைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சுகவாழ்வு மையம் இருக்கிறது. நேரில் வரத் தயங்குபவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

அடுத்து, சிகிச்சை இருக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லுங்கள். கிரந்தி, வெட்டை (கொனோரியா) போன்றவை முறையான மருந்தால் குணமாகின்றன. எச்.ஐ.வி. முற்றிலும் நீங்காது, ஆனால் கூட்டு மருந்தை நாள் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைத் தக்கவைத்துக்கொள்பவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை. ஊர்க்கூட்டங்களில் இந்த உண்மை அநேகமாகச் சொல்லப்படுவதே இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஓட்டுநர்களிடம் ஆணுறையைப் பற்றிப் பேசும்போது, "பயன்படுத்துங்கள்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வெயிலில் கொதிக்கும் லாரி முன்பக்கப் பெட்டியிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் அது கெட்டுவிடும். தேங்காய் எண்ணெய் பட்டால் கிழிந்துவிடும். இந்த அளவுக்கு இறங்கிப் பேசினால்தான் அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

மேலே ஆலோசகர் அம்மா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். சென்னையில் 1986-இல், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் வழியாகத்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் நாங்கள் ஊர்ச் சுவர்களில் எழுதியதெல்லாம் மண்டையோடும் "ஆட்கொல்லி நோய்" என்ற சொல்லும்தான். அப்போது கையில் மருந்து இல்லை. அச்சத்தைத் தவிர வேறொன்றும் சொல்வதற்கில்லை என்றே துறையில் பலரும் கருதினார்கள். 2004-இல் தாம்பரம் அரசு மருத்துவமனையில் இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியபின் நிலைமை அடியோடு மாறியது. ஆனால் சுவரில் எழுதியதை அழிக்க முடிந்த நம்மால் மனத்தில் எழுதியதை இன்னும் அழிக்க முடியவில்லை.

அந்த அச்சத்தைக் கலைப்பதில் அரசின் விளம்பரங்களைவிட, நோயோடு வாழ்பவர்களே முன்வந்து பேசியது அதிகம் உதவியது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மாவட்டத்தோடு தொடர்புடைய கௌசல்யா அவர்கள், தமக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, 1998-இல் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென ஓர் அமைப்பைச் சென்னையில் தொடங்கியவர்களுள் ஒருவர். அத்தகைய அமைப்புகளிலிருந்து ஒருவர், தாமே விரும்பி வந்து பேச முடிந்தால், மருத்துவர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது பயன் தரும். வற்புறுத்தி மட்டும் யாரையும் மேடையேற்ற வேண்டாம்.

மஞ்சள் காமாலையைத் தனியாக எடுத்துப் பேசுங்கள். அசுத்தமான குடிநீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்வெடுத்தால் தானே சரியாகிவிடும். அந்தப் பெருமை கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுகிற, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றுகிற ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டதல்ல. கண் மஞ்சளாகாமலே பல்லாண்டுகள் இருந்து கல்லீரலைச் சுருங்கச் செய்யும், புற்றுநோயிலும் முடியலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும்.

காசநோய்க்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, அது இலவசம், மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இவ்வளவு போதும்.

பதில் 3: மகளிர் குழுப் பயிற்றுநர்

செயலாளர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். பொதுவான செய்திகளை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு பெண்களுக்குத் தனியாக அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரு கிராமச் செவிலியரோ பெண் மருத்துவரோ பேசட்டும். வெள்ளைப்படுதல் எல்லாமே நோயல்ல. ஆனால் நாற்றம், அரிப்பு, நிறமாற்றம், அடிவயிற்று வலி ஆகியவை சேர்ந்திருந்தால் காட்ட வேண்டும் என்பதை ஒரு பெண்ணிடமிருந்து கேட்டால்தான் நம் பெண்கள் வாய் திறப்பார்கள். அறிகுறியே இல்லாமல் கருக்குழாயைப் பாதித்து, பின்னாளில் குழந்தையின்மைக்குக் காரணமாகும் தொற்றுகளும் உண்டு. அந்தப் பழியையும் கடைசியில் அந்தப் பெண்தான் சுமக்கிறாள்.

கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்பதை ஆண்கள் இருக்கும்போதே சொல்லுங்கள். மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, அடுத்த மாதமே அதே தொற்றோடு மருத்துவமனைக்குத் திரும்புவதைத் தவிர்க்க வேறு வழியில்லை. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., கிரந்தி ஆகிய இரண்டுக்கும் தொடக்கத்திலேயே பரிசோதனை செய்வது, குழந்தையைக் காப்பாற்றுவதற்கே தவிர யாரையும் சந்தேகித்து அல்ல என்று மாமியார்களுக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஐயங்களுக்கு ஒரு சீட்டுப் பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டும் ஒரே நிறப் பேனாவும் கொடுத்து, எழுத ஒன்றுமில்லாதவர்களும் வெற்றுச் சீட்டை மடித்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டால், யார் எழுதினார் என்று தெரியாது. எங்கள் கூட்டம் ஒன்றில், கொசுக்கடி, சவரக்கத்தி பற்றிய வழக்கமான கேள்விகளுக்கு நடுவே, "என் கணவருக்கு எச்.ஐ.வி. மருந்து அட்டை இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை, நான் எங்கே போவது?" என்று ஒரு சீட்டு வந்தது. மேடையிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக மையத்தின் இடத்தையும் நேரத்தையும் சொன்னோம்.

செயலாளர் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படங்களை விட்டுவிட்டோம், பெண்களுக்குத் தனி நேரமும் சீட்டுப் பெட்டியும் உறுதி. ஒரே ஓர் ஐயம். அன்றைக்கே பரிசோதனை வண்டியை வரவழைத்து, நூலக வாசலில் நிறுத்தலாமா? ஆர்வம் ஆறுவதற்குள் பரிசோதித்துவிடலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கருதுகிறார்கள்.

நம்பிக்கை மைய ஆலோசகர்

எச்.ஐ.வி. பரிசோதனைக்கென்று மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள் ஐயா. யார் ஏறுகிறார், எவ்வளவு நேரம் கழித்து இறங்குகிறார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். உண்மையில் தேவை உள்ளவர் அந்தப் பக்கமே வரமாட்டார். சர்க்கரை, இரத்த அழுத்தம், சளி ஆகியவற்றோடு பொது மருத்துவ முகாமாக வேறொரு நாளில் வைத்து, உள்ளே தனித்தடுப்பில் ஆலோசனை சொல்லி, சம்மதிப்பவருக்கு மட்டும் எச்.ஐ.வி., கிரந்திப் பரிசோதனைகளைச் செய்யலாம். அண்மையில் தொற்று ஏற்பட்டிருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகக்கூடும் என்பதால், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவரும், பிறருக்குப் போட்ட ஊசி தம் உடலில் தவறுதலாகக் குத்திவிட்டவரும் முகாமுக்காகக் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள்ளேயே, அரசு மருத்துவமனைக்குச் சென்றால் 28 நாள் தடுப்பு மருந்து தருவார்கள். முகாமுக்கு விண்ணப்பிக்க உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் வாசகர் வட்டத்தின் பெயரில் கடிதம் கொடுங்கள். கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிட்டால், முகாம் தேதியை அந்த மேடையிலேயே அறிவிக்கலாம்.