இங்கிலாந்துல காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களுக்கு ஒருநாள் போய் வந்தவங்க: இன்னும் மனசுல நிக்கிற ஆள் யாரு?

கானாடுகாத்தான்_பையன்
பிபரி கிராமத்துல ஆர்லிங்டன் ரோ, பழைய கல் வீடுகள் வரிசையா நிக்குமே அந்த இடம். அந்த ஃபோட்டோ எல்லாருக்கும் தெரியும், அதனால வர்ணிக்கல. நான் போன நேரம் ரெண்டு டூரிஸ்ட் பஸ் ஆளுங்க இறங்கியிருந்தாங்க. நடக்கவே இடமில்ல. ஒரு வீட்டு வெளிய ஒரு பாட்டி ஜன்னல் கண்ணாடியைத் துடைச்சிக்கிட்டு இருந்தாங்க. கண்ணாடியில மூக்கு உயரத்துக்கு வட்டம் வட்டமா பிசுக்கு. உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஆளாளுக்கு முகத்தை ஒட்ட வெச்சிட்டுப் போன தடம். நெத்தி, மூக்கு, ரெண்டு பக்கமும் கை. கீழ ஒரு குழந்தையோடது தனியா இருந்துச்சு. வாளியைக் கொஞ்சம் பிடிக்கிறியான்னு கேட்டாங்க, பிடிச்சேன். "காலையிலயும் துடைச்சேன்"னாங்க. கோபமே இல்ல, வாசல் கூட்டுறவங்க சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாங்க.

செட்டிநாட்டு வீடுகளைப் பாக்க வர்றவங்களால எங்க ஊர்லயும் இதே கூத்துதான். சின்ன வயசுல திண்ணையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுறப்போ, வெள்ளைக்காரங்க நிலைக்கதவு வழியா எட்டிப் பாத்து என்னையும் சேத்து ஃபோட்டோ எடுப்பாங்க. ஆச்சி முந்தானையை இழுத்துவிட்டுட்டு இரண்டாங்கட்டுக்குப் போயிடுவாங்க. அதைப் பாட்டிகிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள பின்னாடி யாரோ "கொஞ்சம் நகருங்க, ஃபிரேம்ல வர்றீங்க"ன்னாங்க.

கோவண்ட்ரி_வாசி
பாட்டி பாவம்தான். ஆனா ஒண்ணு. 1380 வாக்குல மடத்துக்காரங்க கம்பளி வெக்கக் கட்டின கிடங்கு அது, பிற்பாடு நெசவாளர் வீடாச்சு. இப்ப நேஷனல் டிரஸ்ட்னு பழைய இடங்களைப் பாதுகாக்கிற அமைப்போட சொத்து. ஊரே பாக்க வரும்னு தெரிஞ்சுதானே குடி வர்றாங்க? அமைதி வேணும்னா வேற ஊரா இல்ல? என் கதை சின்னது: நான் கேமராவைத் தூக்கினதும் ஒருத்தர் கதவைத் திறந்து நாயோட வந்து நடுவுல நின்னுட்டார். பேசவும் இல்ல, நகரவும் இல்ல. கடைசியில ஆத்து வாத்தை எடுத்துட்டு வந்தேன்.

மதுரை_மல்லி
கோவண்ட்ரி அண்ணா, "தெரிஞ்சுதானே வர்றாங்க"ன்னு லேசா சொல்லிட்டீங்க. அதே பிபரியில ஒரு தாத்தா தன் மஞ்சள் காரை வீட்டுப் பக்கத்துல நிறுத்தினது ஃபோட்டோவைக் கெடுக்குதுன்னு வர்றவங்க புலம்பினாங்க. 2017-ல யாரோ கண்ணாடியை உடைச்சு, காரையே கீறி வெச்சிட்டாங்க. அதுக்குப் பதிலா நாட்டுல இருக்கிற மஞ்சக் கார்க்காரங்க வரிசை கட்டி அந்த ஊருக்கு ஓட்டிட்டு வந்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச போராட்டம் அது. இனி ஃபிரேம், கிரேம்னு யாராவது சொன்னா இதைத்தான் சொல்லுவேன்.

என் ஆள் காசில் கூம்ப் கிராமத்துல. முகம் பாக்கல. வீட்டு வாசல்ல கேக் வெச்சிருப்பாங்கல்ல, கடைக்காரர் கிடையாது, காசைக் கதவுல இருக்கற தபால் ஓட்டையில போடணும். போட்டேன். உள்ள தரையில சில்லறை விழுந்து உருண்ட சத்தம். அப்புறம் எங்கயோ மாடியிலருந்து "தேங்க்யூ, லவ்!"னு ஒரு குரல். எங்க அத்தை மாடியிலருந்து பால்காரர்கிட்ட பேசுற அதே தொண்டை. மழையில நின்னுக்கிட்டே கேக்கைத் தின்னேன்.

முல்லைத்தீவுப்பெட்டை
நான் போனது அப்பர் ஸ்லாட்டர். லோயர் ஸ்லாட்டர்ல இருந்து நடந்துதான் போனனான். ஒரு வயசான மனிசன் நாயோட நிண்டவர், அவராத்தான் கதை குடுத்தார். ரெண்டு உலகப் போருக்கும் இந்த ஊரில இருந்து போன எல்லாரும் உயிரோட திரும்பி வந்தவையாம். அதால மற்ற ஊர்களில மாதிரி செத்தவையின்ர பேர் வெட்டின கல்லு இங்க இல்லையாம். 1944இல தீக்குண்டு கொட்டியும் ஒருத்தரும் சாகேல்லையாம். பிறகு "உம்மட ஊர் எது?" எண்டார்.

எங்கட ஊர் புதுக்குடியிருப்பு. அவருக்கு என்னெண்டு சொல்லுறது? "ஸ்ரீலங்கா" எண்டன். "நல்ல கடற்கரை" எண்டார். நாய் வந்து என்ர சப்பாத்துக்கு மேல ஏறி இருந்திட்டுது. "அதுக்கு உம்மைப் பிடிச்சிட்டுது" எண்டு சிரிச்சார், நானும் சிரிச்சன். அவரில பிழை ஒண்டும் இல்லை. ஆனா இப்பவும் பஸ்ஸில இருக்கேக்க அந்தக் கேள்விக்கு வேற வேற பதில் யோசிச்சுக்கொண்டு வாறன்.

ரெயில்கார்டு_ராஜா
நல்லா எழுதியிருக்கீங்க எல்லாரும். புதுசா போறவங்களுக்குச் சில விஷயம், யாரும் கேக்கலன்னாலும் சொல்லிடறேன். 16-25 ரெயில்கார்டு இல்லாம போகாதீங்க, டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும். வயசு 25 தாண்டினாலும் முழுநேர மாணவர்னா கிடைக்கும், யூனிவர்சிட்டியில கையெழுத்து வாங்கணும். ஆனா வார நாள்ல காலை 10 மணிக்கு முன்னாடி ஏறினா குறைஞ்சபட்சக் கட்டணம்னு ஒண்ணு இருக்கு, ஜூலை ஆகஸ்ட் தவிர. ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து மோர்டன்-இன்-மார்ஷுக்கு நேர் ட்ரெய்ன் இருக்கு. அங்க இறங்கி 801 பஸ் பிடிச்சா போர்ட்டன் கிராமம். கடைசி பஸ் எப்போன்னு போறப்பவே பாத்து வெச்சிக்கோங்க, திரும்பறப்ப பாத்தா டாக்சிக்கு அழணும். வயல் வழியா நடந்தா மஞ்சள் அம்புக்குறி நடைபாதைக்கு, நீலம் குதிரைக்காரங்களும் வர்ற பாதை. கேட்டைத் திறந்தா மூடிட்டுப் போங்க. கன்னுக்குட்டியோட மாடு நின்னா நடுவுல புகாதீங்க, சுத்திப் போங்க. நம்ம ஊர் மாடுன்னு நினைச்சுத் தட்டிக் குடுக்கப் போகாதீங்க. ஷூ நல்லதா போடுங்க.

என் அனுபவம்: ஒரு வேலியோரம் முட்டை வெச்சிருந்தாங்க, டப்பாவுல காசு போடணும். என்கிட்ட கார்டு மட்டும்தான். முட்டையைப் பாத்துட்டு வந்துட்டேன்.

கானாடுகாத்தான்_பையன்
ராஜா அண்ணா, முல்லைத்தீவு அக்கா எழுதினதுக்கு நேர் கீழ வந்து ஷூ பத்திப் பேசறீங்களே. அக்கா, அடுத்த தடவை போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன். அந்தத் தாத்தா அங்கதான நாயோட நடப்பாரு.

முல்லைத்தீவுப்பெட்டை
வாங்கோ தம்பி. ஆனா எனக்கு ஞாயிறு மட்டும்தான் வேலை இல்லை. ராஜா, 801 ஞாயிறிலயும் ஓடுதோ?