கடல், குளம், பாறை: இடப்பெயரா, பொருட்பெயரா?

உவர்மலை:
தரம் 8 பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொல் வகைப் பயிற்சி ஒன்று தயாரிக்கிறேன். மூதூர், கிண்ணியா இடப்பெயர். அதில் சிக்கல் இல்லை. கடல், மலை, குளம், பாறை, அலை என்று வரும்போதுதான் இடிக்கிறது. தொட்டுப் பார்க்கக் கூடியதெல்லாம் பொருட்பெயர் என்கிறார் ஒருவர். எதை வைத்துப் பிரிப்பது?

வெருகலான்:
தொடுவதை வைத்துப் பிரிக்க முடியாது, வீட்டையும் தொடலாம். ‘க்குப் போனான்’ சேர்த்துப் பாருங்கள். மலைக்குப் போனான், குளத்துக்குப் போனான்: உறுத்தவில்லை, இடப்பெயர். ‘பாறைக்குப் போனான்’ என்று யாரும் சொல்வதில்லை. வாய் தானாகவே பாறையடிக்கு, மரத்தடிக்கு என்று ‘அடி’ சேர்க்கும். அவை பொருட்பெயர். அலைக்கு அந்த ‘அடி’யும் ஒட்டாது, பொருள்தான். ‘இல்’ உருபை நம்பாதீர்கள், அது பெட்டியில், பாறையில், அலையில் என்று எதனோடும் போகும்.

மரபும் இதற்குச் சாதகம். வெற்பன் (வெற்பு என்றால் மலை), துறைவன் (துறை என்றால் நீர்க்கரை) இரண்டும் இடப்பெயரடியாகப் பிறந்தவை. (வெருகல் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்த என் புனைபெயரும் அப்படித்தான்!)

சல்லிக்காரி:
கோயிலடி, ஆற்றடி என்றும் சொல்கிறோமே? ‘அடி’ வருகிறதா என்று பார்க்காமல், அது இல்லாமல் வாக்கியம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கோயிலுக்குப் போனான் நிற்கும்.

இன்னொரு பொறி: ‘விறகுக்குப் போனாள்’. இதுவும் உறுத்தாது, ஆனால் விறகு இடமல்ல. ‘எங்கே?’ என்று கேட்டால் விடை வராது, ‘எதற்கு?’ என்றால் வரும். ‘கடலுக்குப் போனார்’ என்றால் நம் பக்கம் மீன்பிடிக்கப் போனார் என்றுதான் அர்த்தம், ஆனாலும் ‘எங்கே?’ என்பதற்குக் கடல் விடையாகும். அதனால் இடப்பெயரே.

உவர்மலை:
நல்லது. ‘1986 இல் கந்தளாய்க் குளம் உடைந்தது’ என்ற வாக்கியத்தில்? இடம் எப்படி உடையும்?

வெருகலான்:
உடைந்தது குளக்கட்டு. முதலின், அதாவது முழுப்பொருளின், பெயர் அதன் உறுப்புக்கு ஆகி வந்ததால் முதலாகுபெயர் (ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புள்ள வேறொன்றைக் குறிப்பது ஆகுபெயர்). அதற்குப் பொருளாகுபெயர் என்றும் பெயர் இருப்பதால், குளமே பொருட்பெயர் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் இங்கேதான் புள்ளி போகும். ‘திருகோணமலை வென்றது’ என்றால் வென்றது அணி, அது இடவாகுபெயர். பயிற்சியில் இந்த இரண்டையும் வகை கேட்கும் பகுதியில் போடாமல் ஆகுபெயர் பகுதிக்குத் தள்ளிவிடுங்கள். பாறையைத் தனிச்சொல்லாகக் கொடுக்காமல் வாக்கியத்தில் வைத்துக் கொடுங்கள்.